நிலத்தீவில் பதினான்கு நாடுகள்: கொல்லிமலையின் வரலாற்றுப் புவியியல்

தமிழகத்தின் நடுப்பகுதியில் கிழக்குத் தொடர்ச்சி மலை அறுபடாத ஒரே தொடராக ஓடுவதில்லை. சவ்வாது, சேர்வராயன், சித்தேரி, கல்வராயன், பச்சைமலை, கொல்லி எனத் தனித்தனி மலைத்திரள்களாகப் பிரிந்து, அவற்றினிடையே வெப்பமும் வறட்சியும் மிகுந்த தாழ்நிலம் பரவிக் கிடக்க, கடலிடைத் தீவுக்கூட்டம் போலவே அது அமைந்துள்ளது. சூழ்ந்திருக்கும் தாழ்நிலத்தின் வெப்பத்தைக் கடக்க இயலாத செடிகொடிகளும் உயிர்களும் குளிர்ந்த மலையுச்சியில் தனித்து வாழ நேரும் இடத்தை உயிர்ப்புவியியலார் 'வானத்தீவு' என்பர். தீவின் பரப்பையும் பெருநிலத்திலிருந்து அது விலகியிருக்கும் தொலைவையும் கொண்டு அங்குள்ள உயிரினங்களின் எண்ணிக்கையை விளக்க முடியும் என்று மக்ஆர்தரும் வில்சனும் 1967-இல் நூலாக வெளியிட்ட கோட்பாடு, கடல் தீவுகளைக் கடந்து இத்தகைய மலைகளுக்கும் பின்னர் பொருத்திப் பார்க்கப்பட்டது. செடிக்கும் விலங்குக்கும் பொருந்தும் இந்தத் 'தீவுத்தன்மை' மனிதருக்கு எந்த அளவு பொருந்தும் என்பதைக் கொல்லிமலையையும், அதன் பதினான்கு நாடுகளில் ஒன்றான திருப்புலி நாட்டையும் முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மலையின் தனிமை இயற்கை மட்டுமே தந்ததன்று. அது வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு காரணங்களால் உருவாகி, இறுகி, பின்னர் தளர்ந்த ஒரு வரலாற்று நிலை என்பதே இங்கு நிறுவ முற்படும் கருத்து.

நாமக்கல் மாவட்டத்தின் கிழக்கெல்லையில் ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் பரப்பில் எழுந்து நிற்கும் கொல்லிமலையின் மேற்பரப்பு, கடல்மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்த, மேடும் பள்ளமுமான ஒரு பீடபூமியாகும். நிலத்தின் ஆழத்தில் பெரும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய சார்னோக்கைட் என்னும் கடும்பாறையால் ஆன இம்மலையின் விளிம்புகள் பல இடங்களில் செங்குத்தாக இறங்குவதால், மேலே ஏறிவிட்டால் உழுவதற்கேற்ற நிலம் இருந்தும், ஏறுவதற்கான வழிகள் மிகச் சிலவாகவே இருந்தன. மலைமேல் ஓடும் ஐயாறு ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து ஆகாயகங்கை அருவியாக விழுந்து, புளியஞ்சோலை வழியாகத் துறையூர்ப் பக்கம் இறங்கிக் காவிரியை நாடுகிறது. வடகிழக்கில் பிறக்கும் சுவேத நதியோ தம்மம்பட்டி வழியாக வெள்ளாற்றுக்குப் போகிறது. மலைக்குள்ளும் நிலம் ஒரே தன்மையதாக இல்லை. பள்ளத்தாக்கின் அடியில் படிப்படியாக வெட்டிய நெல்வயல்கள், அவற்றுக்கு மேல் சரிவுகளில் சிறுதானியக் காடுகள், முகடுகளில் சோலை, ஆங்காங்கே தெய்வத்திற்கென்று விடப்பட்டு அரிவாள் படாத கோயில்காடுகள் என்று அடுக்கடுக்காக அமைந்த இந்நிலத்தில், முகடுகளே ஒரு பள்ளத்தாக்கை அடுத்ததினின்று பிரிக்கும் எல்லைகளாயின. தீவுக்குள்ளும் தீவுகள் இருந்தன எனலாம். நாடு என்னும் பிரிவு இம்மண்ணில் வேர்கொண்டதற்கு இந்த நில அமைப்பு துணைசெய்தது.

சங்க காலத்தில் கொல்லி ஒதுக்குப்புறமாகக் கருதப்படவில்லை என்பது முதலில் மனங்கொள்ளத்தக்கது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட இம்மலை, பலாவுக்கும் தேனுக்கும் பெயர்பெற்றதாகச் சங்கப் பாடல்களில் வருகிறது. வன்பரணர் ஓரியின் வில்லாற்றலைப் பாடிய பாடல் புறநானூற்றில் 152-ஆம் பாடலாக உள்ளது. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்த செய்தி அகநானூற்றாலும், பெருஞ்சேரல் இரும்பொறை கொல்லிப் பகுதியில் அதியமானையும் இரு பெருவேந்தரையும் வென்ற செய்தி பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகத்தாலும் தெரியவருகின்றன. பெருவேந்தர் பொருது கைப்பற்ற விரும்பிய மலை, சமவெளி அரசியலுக்கு வெளியே இருந்திருக்க முடியாது. மேற்குக் கடற்கரைக்கும் காவிரிப் படுகைக்கும் இடைப்பட்ட வழிகளுக்கு அருகில் அமைந்த உயர்நிலம் என்பதும், மலைபடு பொருள்கள் மிக்கது என்பதும் அதன் மீதான போட்டிக்குப் போதிய காரணங்களாகும்.

பக்தி இயக்கக் காலத்திலும் இத்தொடர்பு அறுபடவில்லை. ஐயாற்றின் கரையிலுள்ள அறப்பளீசுவரர் கோயில் தேவாரத்தில் வைப்புத்தலமாக, அதாவது தனிப்பதிகம் இல்லாமல் பிற பதிகங்களின் இடையே பெயர் சுட்டப்படும் தலமாக, இடம்பெறுகிறது. கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகம் இத்தல இறைவனை முன்னிறுத்திப் பாடப்பட்டது. கோயிலை ஒட்டிய ஆற்று மீன்களை வழிபட வருவோர் பொரி தூவிப் பேணுவார்களே அன்றிப் பிடிப்பதில்லை. உணவுக்காக வெட்டப்பட்ட மீன்கள் மீண்டும் பொருந்தி நீரில் துள்ளின என்னும் தலக்கதையோடு பிணைந்த இவ்வழக்கம், கோயில்காட்டுக்கு மலைமக்கள் அளித்த காப்பைப் போன்றதே.

இன்று மலையில் வாழ்வோருள் மிகப் பெரும்பான்மையினர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். இப்பெயர் மலையை ஆள்வோர் என்ற பொருளில் வழங்குவது. இவர்கள் தாய்மொழி தமிழ். கேரளத்தோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. லெ ஃபானு 1883-இல் தொகுத்த சேலம் மாவட்டக் கையேட்டிலும், எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் தொகுதிகளிலும் இம்மக்களின் தோற்றக்கதை பதிவாகியுள்ளது. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் உடன்பிறந்தார் மூவர், சேர்வராயன், பச்சைமலை, கொல்லி ஆகிய மலைகளுக்குப் பிரிந்து சென்று குடியேறினர் என்பது அதன் சாரம். பெரிய மலையாளி, பச்சைமலையாளி, கொல்லிமலையாளி என்னும் உட்பிரிவுகளும் இக்கதையின் வழியே விளக்கம் பெறுகின்றன. இதனை ஆண்டுக்கணக்கு காட்டும் ஆவணமாகக் கொள்வது பொருந்தாது என்றாலும், வெறும் கற்பனையென்று ஒதுக்குவதும் ஆய்வுக்கு இழப்பே. பசிபிக் தீவுகளில் ஒரே மரக்கல மரபினர் தீவுதோறும் பிரிந்து குடியேறியதாகச் சொல்லும் கதைகளோடு ஒப்பிட்டால், தனித்தனி மலைகளில் வாழும் மக்கள் தமக்குள் உள்ள உறவை மறவாதிருக்கக் கண்ட வழி இது என்பது புலப்படும். கவுண்டர் என்னும் பட்டம், ஏர் உழவு, மாரியம்மனோடும் முருகனோடும் சேர்த்துப் பெருமாளையும் வணங்கும் வழக்கம் ஆகியவை, சமவெளி உழவரின் ஒரு பகுதியினர் மேலேறி, அங்கு முன்பே வாழ்ந்தாரோடு கலந்தனர் என்ற முடிவுக்கே இடம்தருகின்றன.

மேலேறியவர்கள் தம்மோடு கொண்டுசென்ற அமைப்புகளுள் தலையாயது 'நாடு'. சோழர் காலக் கல்வெட்டுகளில் நாடு என்பது பல ஊர்கள் சேர்ந்த அடிப்படை நிலப்பிரிவு. அதன் உழுகுடித் தலைவர்கள் நாட்டார் எனப்பட்டனர். எ. சுப்பராயலு 1973-இல் வெளியிட்ட சோழநாட்டு அரசியல் புவியியல் ஆய்வு, இந்நாடுகளை வரைபடத்தில் இடம்காட்டி, அவை அரசன் மேலிருந்து வகுத்தவையாக இல்லாமல் உழவுக் குடியிருப்புகளின் இயல்பான திரட்சியாக அமைந்தவை என்பதைத் தெளிவாக்கியது. சமவெளியில் பிற்காலத்துப் பாளையம், ஜமீன், வட்டம் ஆகியவற்றுக்குள் நாடு கரைந்துபோயிற்று. கொல்லியிலோ வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, தேவனூர் நாடு, வளப்பூர் நாடு, திருப்புலி நாடு என அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பள்ளத்தாக்குகளிலும் சரிவுகளிலும் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள் பல சேர்ந்தது ஒரு நாடு. நாட்டுக்குப் பட்டக்காரரும் ஊருக்கு ஊர்க்கவுண்டரும் தலைமை ஏற்று, வழக்குகளைத் தீர்ப்பதும் திருவிழாவுக்கு நாள் குறிப்பதும் மரபு. நாடுகளின் பெயர்களே பின்னர் ஊராட்சிகளுக்கும் ஆகிவந்தன. இடைக்காலத் தமிழகத்தின் நிலப்பிரிவு ஒன்று ஊராட்சிப் பலகையில் உயிரோடிருப்பது, எந்தக் கல்வெட்டுக்கும் குறையாத சான்றாகும்.

மலையின் தனிமை உண்மையில் இறுகியது ஆங்கிலேயர் ஆட்சியில்தான். மூன்றாம் மைசூர்ப் போருக்குப்பின் 1792-இல் சேலம் பகுதி கம்பெனியின் வசமானபோது, அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் சமவெளி வயல்களை அளந்து உழவரிடம் நேரடியாக வரி தண்டும் முறையை வகுத்தனர். மலை நிலமோ அவ்வாறு அளக்கப்படாமல், ஏர் பூட்டி உழும் 'உழவுக்காடு' எனவும், சரிவில் கொத்தால் கிளறிச் சில ஆண்டு விதைத்துப் பின் தரிசாக விடும் 'கொத்துக்காடு' எனவும் பகுக்கப்பட்டு, ஏருக்கும் கொத்துக்கும் இவ்வளவு என்று வரி விதிக்கப்பட்டது. 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம் வந்தபின் இப்பாகுபாட்டின் விளைவு கடுமையாயிற்று. அடுத்த சுற்று விதைப்புக்காக மண் தேறட்டும் என்று விடப்பட்ட கொத்துக்காடு, அரசின் பார்வையில் யாருக்கும் உரிமையற்ற காடாகத் தோன்றியது. காப்புக்காட்டு எல்லைக்கல் நடப்பட்ட இடத்தோடு மலைமக்களின் சுழற்சி வேளாண்மை குறுகியது.

காய்ச்சல் மற்றொரு வேலியாக நின்றது. அருகிலுள்ள சேர்வராயனில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் 1820-களில் காப்பியை அறிமுகப்படுத்த, ஏற்காடு வெள்ளையர் தோட்டங்களின் ஊராக வளர்ந்தது. கொல்லியோ மலேரியாவுக்கு அஞ்சப்பட்ட மலையாக விடப்பட்டது. அச்சம் மிகையன்று. வாழவந்தி நாட்டில் மருத்துவமும் கல்வியும் அளித்துவந்த ஜெஸ்ஸி பிராண்ட் என்னும் ஆங்கிலேய ஊழியர், மலேரியா முற்றிச் சிறுநீர் கருத்துப்போகும் கருநீர்க் காய்ச்சலால் 1929-இல் அங்கேயே இறந்தார். 1914-இல் கொல்லிமலையில் பிறந்த அவருடைய மகன் பால் பிராண்ட், பின்னாளில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் மீட்டு உலகப்புகழ் பெற்றார். தாய் எவ்லின் பிராண்ட், பணி ஓய்வுக்குப் பின்னும் மலைக்கே திரும்பி, கொல்லியோடு நில்லாமல் பச்சைமலை, கல்வராயன் முதலிய மலைகளுக்கும் மட்டக்குதிரையில் ஏறியிறங்கி 1974-இல் இறக்கும்வரை பணியாற்றினார். மலைக்கு மலை அவர் சென்ற பாதையும் மூன்று அண்ணன்மார் கதை வரையும் படமும் ஏறக்குறைய ஒன்றே என்பது, இம்மலைகளை ஒரு கூட்டமாகக் காணவேண்டியதன் தேவையை உணர்த்துகிறது.

விடுதலைக்குப்பின் 1953-இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் மலைப்பாதையும் காய்ச்சல் என்னும் வேலியையும் ஏறுவழியின் அருமையையும் தளர்த்தின. சாலை கீழிருந்து ஆசிரியரையும் மருந்தையும் கொண்டுவந்தது. மேலிருந்து எதைக் கீழே கொண்டுபோயிற்று என்பதே மலையின் பிற்கால வரலாறு. சேலத்தில் 1940-களில் தொடங்கிய ஜவ்வரிசித் தொழிலுக்கு வேண்டிய குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, சாலை வந்தபின் மலைச்சரிவுகளில் பரவியது. மிளகும் காப்பியும் சவுக்குமரத் தோப்பும் கூட வந்தன. மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பாக்சைட் மண்ணும் வெட்டப்பட்டது.

இவற்றால் பின்னுக்குப் போனவை சிறுதானியங்கள். இவ்விழப்பின் அளவை விளங்கிக்கொள்ள, சாமை என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மலைமக்கள் வைத்திருந்த வகைகளைப் பார்ப்பது நலம்: கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுலாச் சாமை, பெருஞ்சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை. தினையிலும் செந்தினை, பாலாந்தினை, மூக்காந்தினை, பெருந்தினை. கேழ்வரகிலும் சுருட்டை, கருங்கேழ்வரகு, பெருங்கேழ்வரகு என்று தனித்தனி விதைகள். விரைவில் விளைவதை ஒரு சரிவிலும், நீண்ட நாள் நின்று விளைவதை மற்றொன்றிலும் விதைத்து, மழை முந்தினாலும் பிந்தினாலும் ஏதேனும் ஒன்று தானியத் தொம்பையை நிரப்பும்படி அமைத்த ஏற்பாடு இது. சாமை கைவிடப்பட்டதற்குக் கிழங்கின் விலை ஒரு காரணம். சாமையின் உமியை நீக்க உரலில் இட்டு உலக்கையால் மணிக்கணக்கில் குத்தவேண்டிய பெண்களின் உழைப்பு, ஆய்வுகளில் குறைவாகவே எண்ணப்பட்ட மற்றொரு காரணம். நியாயவிலைக் கடை அரிசி வந்தபோது அதைப் பெண்கள் வரவேற்றதில் குறைகாண இடமில்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கு மேற்கொண்ட பணியில், ஊர் விதை வங்கிகளோடு உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் ஊர்களில் நிறுவியது இதனை உணர்ந்தே. விதையைக் காப்பதோடு உலக்கையின் சுமையையும் குறைத்த அந்த அணுகுமுறை சரியானது.

சாலை திறந்த மலையின் நிலவுரிமையைச் சட்டம் எவ்வாறு காக்கிறது என்பது எஞ்சி நிற்கும் கேள்வி. 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர். கொல்லிமலையை உள்ளடக்கிய சேந்தமங்கலம், தமிழகச் சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட இரண்டு தொகுதிகளில் ஒன்று. ஆனால் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி பழங்குடி வாழ்நிலமாக அறிவிக்கப்பட்ட 'பட்டியல் பகுதி' எதுவும் தமிழகத்தில் இல்லை. அவ்வறிவிப்பு பெற்ற ஆந்திரப் பகுதிகளில் பழங்குடியினர் நிலத்தைப் பிறருக்கு மாற்றுவதை 1959-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையும் 1970-ஆம் ஆண்டுத் திருத்தமும் தடுக்க, உச்ச நீதிமன்றம் 1997-இல் சமதா வழக்கில் அத்தடையைச் சுரங்கக் குத்தகைக்கும் விரித்தது. கிராம சபைக்கு நிலத்தின்மீது அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் பட்டியல் பகுதிகளுக்கே உரியது. எனவே திருப்புலி நாட்டு உழவர் ஒருவரின் சரிவு நிலம் குத்தகையாகவோ அடமானமாகவோ சமவெளியாரிடம் செல்லும்போது, பட்டக்காரரின் சொல்லுக்கு நாட்டுக்குள் மதிப்பிருந்தும், அந்நிலம் நாட்டை விட்டுப் போகாமல் நிறுத்தும் சட்ட வலு அதற்கு இல்லை. 2006-ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டம் காப்புக்காட்டு எல்லைக்குள் இழந்ததைக் கேட்டுப்பெற வழிவகுக்கிறது. கொத்துக்காடாக இருந்து காடென்று எழுதப்பட்ட நிலத்துக்கான கோரிக்கைகள் அச்சட்டத்தின் கீழ்தான் கிராம சபைகளில் எழுப்பப்பட முடியும்.