எச்.ஐ.வி தொற்றுள்ளோரில் நுரையீரல் காசநோயறிதல்

எச்.ஐ.வி தொற்றுள்ளோரில் நுரையீரல் காசநோயறிதல் என்பது, எச்.ஐ.வி தீநுண்மத்தால் நோயெதிர்ப்பாற்றல் குன்றியவரின் நுரையீரலில் காசநோய் உள்ளதா எனக் கண்டறியும் மருத்துவ முறைகளைக் குறிக்கும். உலகளவில் இத்தொற்றுள்ளோரின் இறப்புக்குக் காசநோயே முதன்மைக் காரணமாக உள்ளது. எதிர்ப்பாற்றல் குறையுந்தோறும் இந்நோயின் வழக்கமான அடையாளங்களும் மறைவதால், உயிராபத்து மிகுந்தவரிடமே இதனைக் கண்டறிவது கடினமாகிறது.

கடினத்திற்கான காரணங்கள்

காசநோயின் அடையாளங்கள் பல, கிருமியை எதிர்க்கும் உடலின் செயலால் தோன்றுபவை. நுரையீரலின் மேற்பகுதியில் குழிகள் உண்டாவதும் அவ்வாறே. குருதியில் சி.டி.4 உயிரணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 200 இற்கும் கீழே குறைந்தோரில் குழிகள் அரிதாகவே உருவாகின்றன. இதன் விளைவுகள் பின்வருமாறு:

* சளிச் சோதனை: குழிகளிலிருந்தே பெருமளவு கிருமிகள் சளியில் கலக்கின்றன. நுண்ணோக்கியில் தென்பட, ஒரு மில்லிலீட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகள் தேவை. எனவே நோயிருந்தும் கிருமி இல்லை என்ற முடிவு வரலாம்.
* எக்சு-கதிர்ப் படம்: குழிகளுக்கு மாறாக, கீழ்ப்பகுதியில் நிழல், நிணநீர்க் கணு வீக்கம், தினையளவு புள்ளிகள் ஆகியன காணப்படலாம். சிலரில் படம் இயல்பாகவே இருக்கும்.
* தோல் சோதனை: எச்.ஐ.வி தொற்றுள்ளோரில் 5 மில்லிமீட்டர் தடிப்பே தொற்றின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியவரில் தடிப்பே தோன்றாமல் போகலாம்.

அறிகுறிகள்

இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை ஆகிய நான்கையும் ஒவ்வொரு மருத்துவ வருகையின்போதும் கேட்டறியுமாறு உலக சுகாதார நிறுவனம் 2011 இல் பரிந்துரைத்தது. பிறரில் இரண்டு வாரங்களுக்கு மேற்பட்ட இருமலே பொதுவாகக் கருதப்படும். இவர்களிலோ எத்தனை நாள் இருமலாயினும் சோதனை தேவைப்படும்.

ஆய்வுக்கூடச் சோதனைகள்

கிருமியை வளர்த்துக் காணும் சோதனை மிக நுட்பமானது. எனினும் முடிவு தெரியப் பல வாரங்கள் ஆகும். 2010 இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற எக்சுபெர்ட் மரபணுச் சோதனை, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கிருமியையும், ரிபாம்பிசின் மருந்துக்கு அதன் எதிர்ப்பையும் காட்டுகிறது. இந்தியாவில் உருவாக்கப்பட்ட ட்ரூநாட் சோதனையை அந்நிறுவனம் 2020 இல் ஏற்றது.

சிறுநீர்ச் சோதனை கிருமியின் உறையிலுள்ள லிப்போஅராபினோமன்னன் என்ற பொருளைக் கண்டறிகிறது. ஏனைய சோதனைகளுக்கு மாறாக, சி.டி.4 எண்ணிக்கை குறைந்தோரில் இது கூடுதலாகப் பயன்படுகிறது. சளி வெளிவராத நோயாளிகளுக்கும் இது உகந்தது. 2015 இல் பரிந்துரைக்கப்பட்ட இதன் பயன்பாடு 2019 இல் விரிவாக்கப்பட்டது. எனினும் இதில் கிருமி தென்படாமை காசநோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

ஒத்த நோய்கள்

நியூமோசிசுடிசு என்னும் பூஞ்சையால் வரும் நுரையீரல் அழற்சியும், பாக்டீரியா அழற்சியும் இதே அறிகுறிகளைத் தரலாம். ஒருவரில் இரு நோய்கள் சேர்ந்திருப்பதும் உண்டு. ஆகவே ஒரு நோய் உறுதியான பின்னரும், உடல்நிலை தேறாவிடின் மற்றொன்றைத் தேட வேண்டும்.

ஏ.ஆர்.டி மருந்துகளுக்குப் பின்

ஏ.ஆர்.டி கூட்டு மருந்துகளால் எதிர்ப்பாற்றல் மீளும்போது, அதுவரை மறைந்திருந்த காசநோய் முதல் சில மாதங்களில் கடுமையாக வெளிப்படலாம். இதனை மருந்தின் தோல்வியாகக் கருதி நிறுத்திவிடாமல், காசநோய்க்கான சோதனைகளை மேற்கொள்வது இன்றியமையாதது.