திசை மாறிய காவல்: திண்டுக்கல் மலைக்கோட்டை, 1605–1801

மதுரைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், சமவெளியிலிருந்து ஏறத்தாழ 280 அடி உயரத்துக்கு மொட்டைப் பாறையாக எழுந்து நிற்கிறது திண்டுக்கல் மலை. ஒருபுறம் சிறுமலை, மறுபுறம் பழனி மலைத்தொடர். கொங்கு நாட்டு வழியாக மதுரைக்கு வரும் படைக்கு இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் வாசல். அதன் மேலுள்ள கோட்டையைக் கட்டியவர், பிடித்தவர் பெயர்களை வரிசைப்படுத்துவதோடு பல நூல்கள் நின்றுவிடுகின்றன. அது எந்தத் திசையைப் பார்த்துக் காவல் காத்தது என்பதே முதன்மையான கேள்வி என்பது என் துணிபு. 200 ஆண்டுகளுக்குள் அந்தத் திசை இருமுறை மாறியது.

மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605 அளவில் இக்கோட்டையைக் கட்டத் தொடங்கினார் என்பர். திருமலை நாயக்கர் காலத்தில் (1623–1659) அது வலுப்பெற்றது. அன்று அச்சம் மைசூரிலிருந்து வந்தது. திண்டுக்கல் வரை இறங்கிய மைசூர்ப் படையைத் தளவாய் இராமப்பய்யனும் கன்னிவாடிப் பாளையக்காரரும் சேர்ந்து துரத்தினர். மதுரைக்கு வடக்கு வாசற்கதவாக நின்ற கோட்டை அது.

18ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்நிலை தலைகீழானது. நாயக்கர் ஆட்சி முடிந்தபின் திண்டுக்கல் மைசூர் வசமானது. 1755இல் ஹைதர் அலி இங்கே மைசூரின் பௌஜ்தாராக (படை அதிகாரியாக) அமர்ந்தார். பிரெஞ்சுக்காரர் துணையோடு பீரங்கிப் பட்டறை அமைத்ததும் படை திரட்டியதும் இங்கேதான். மைசூர் அரியணையை நோக்கிய அவரது பயணம் இந்தப் பாறையடியில் தொடங்கியது என்றே சொல்லலாம். மதுரையைக் காக்க எழுப்பிய அரண், மதுரைச் சமவெளியை மிரட்டும் முனையாயிற்று. கணவரை இழந்து நாடிழந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியாருக்குத் திண்டுக்கல் வட்டாரத்து விருப்பாச்சியில் அடைக்கலமும், 1780இல் சிவகங்கையை மீட்க மைசூர்ப் படையுதவியும் கிடைத்தது இந்தச் சூழலில்தான்.

கட்டுமானத்தைப் பார்ப்போம். இங்கே முதல் மதில் பாறையேதான். செங்குத்தான சரிவில் மனிதர் ஏற வழியில்லை. சுவர் அந்தப் பாறையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு வளைந்து செல்கிறது. பாறையில் வெட்டிய ஏறத்தாழ 600 படிகளே மேலே செல்லும் வழி; ஏறுபவர் நெடுநேரம் மேலிருப்பவரின் கண்பார்வையில் இருந்தாக வேண்டும். மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு தடித்த சுவர்களோடு கட்டிய அறைகளும் கிடங்குகளும் உள்ளன. வெடிமருந்தைச் சேமிக்க வேண்டிய காலத்தின் தேவை அவற்றில் தெரிகிறது. உச்சியிலுள்ள கோயில் கோட்டைக்கும் முந்தியது; அதன் கருவறையில் இன்று மூலவர் இல்லை.

இந்த அமைப்பின் வலிமைக்கு 1790 ஆகஸ்டில் நடந்த முற்றுகையே சான்று. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் பீரங்கிகள் மதிலை உடைத்தும், உடைப்பு வழியே ஏறிய படை விரட்டியடிக்கப்பட்டது. மைசூர்க் காவற்படை சரணடைந்த பிறகே கோட்டை கும்பினியின் கைக்கு வந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை அதை உறுதிசெய்தது.

அதன்பின் காவல் உள்நாட்டை நோக்கித் திரும்பியது. மைசூர் வீழ்ந்ததும் இவ்வட்டாரத்தில் கும்பினிக்கு எஞ்சிய எதிரிகள் பாளையக்காரர்களே. அவர்களை ஒன்றுதிரட்டிய விருப்பாச்சி கோபால் நாயக்கர் 1801இல் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். எல்லைக் கோட்டை, தன் வட்டார மக்களையே அடக்கும் கருவியாக மாறிப்போனதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

காவல் வேலை முடிந்தபின்னும் இக்கோட்டை நிலைத்து நிற்கிறது; நாயக்கர் தலைநகரான மதுரையின் மதில்களோ 19ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, அவ்விடத்தில் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் வந்தன. நெருக்கடியில் திணறிய நகருக்கு அந்த நிலம் தேவைப்பட்டது. திண்டுக்கல் பாறையுச்சியில் வீடு கட்ட யாரும் இடம் கேட்கவில்லை. மதுரை நாயக்கர்களின் அரண் கட்டும் முறையை மதிலோடும் கொத்தளத்தோடும் ஆராய விரும்புவோர் மதுரையை விட்டு இங்கே வர வேண்டியிருப்பது அதனால்தான்.