முன்பனிக் காலமும் குரங்கணி அடிவாரமும்

கோடை வெயிலுக்கு அஞ்சி மலையேறிய கனவான்களின் சரித்திரம் நம் நாட்டில் மிக விஸ்தாரமாகவே எழுதப்பட்டிருக்கிறது. கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்குப் போய் உதகமண்டலத்தின் பெருமையைச் சென்னை சர்க்காருக்கு எடுத்துரைத்ததையும், மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த பாதிரிமார் காய்ச்சலுக்குத் தம் குழந்தைகளைப் பறிகொடுத்த துயரத்தோடு பழனிமலை மீதேறி 1845இல் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டிக்கொண்டதையும் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லுவார்கள். ஆனால் குளிருக்கு அஞ்சி இறங்குவோரின் சரித்திரத்தை யாரும் பொருட்படுத்தி எழுதவில்லை. மேல்நாட்டில் அது ஒரு பெரிய விஷயம். குளிர்காலத்தைக் கழிப்பதற்காகத் தெற்குப் பிரான்சின் நீஸ் நகரத்துக்கு வந்து குடியிருந்த ஆங்கிலேயர்கள், 1820களில், வேலையின்றித் திரிந்த ஏழைகளுக்குக் கூலி கொடுத்துக் கடலோரமாக ஒரு நடைபாதையைப் போடச் செய்தார்கள். அது இன்றளவும் ஆங்கிலேயர் உலாச்சாலை என்றே வழங்கிவருகிறது. கனடாவிலும் அமெரிக்காவின் வடபுறத்திலும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள், பனி கொட்டத் தொடங்கியதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு புளோரிடாவுக்கும் அரிஸோனாவுக்கும் போய்விடுவதும், வசந்தம் பிறந்த பிறகே திரும்புவதும் அங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. டொராண்டோவில் குடியேறிய நம்மவர்களிலும் மூட்டுவலிக்கு அஞ்சி மார்கழியில் சென்னைக்கு வருகிறவர்கள் உண்டு. கச்சேரிகள் முடிந்த பிறகு, கூட்டமில்லாத, கையைக் கடிக்காத ஓர் ஊர் எங்கே இருக்கிறது என்று அவர்கள் விசாரிக்கிறார்கள்.

அப்படி விசாரிப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஸ்தலம் குரங்கணி. ஆனால் சிபாரிசு செய்வதைவிட, அந்த ஊர் எப்படி இவ்வளவு அமைதியாகக் கிடக்கிறது என்ற பூர்வ கதையைச் சொல்லுவதிலேயே எனக்கு விருப்பம் அதிகம்; ஏனென்றால் ஓர் ஊரின் அமைதி பெரும்பாலும் இயற்கை அளித்த வரமன்று, அங்கிருந்து ஏதோ ஒன்று போய்விட்டதன் அடையாளம்.

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே கொட்டகுடி ஆற்றை ஒட்டி ஏறத்தாழ 16 கிலோமீட்டர் போனால், மூன்று பக்கமும் மலை எழும்பி நிற்க, சாலை இனிப் போக வழியில்லாமல் நின்றுவிடுகிற இடத்தில் குரங்கணி இருக்கிறது. போடி கடல்மட்டத்துக்கு 1,000 அடிக்குச் சற்று மேலே கிடக்கிற ஊர். குரங்கணிக்கு நேர் மேலே விளிம்பில் நிற்கும் டாப் ஸ்டேஷனோ 6,000 அடியைத் தாண்டியது. பக்கத்துக் கொழுக்குமலை ஏறத்தாழ 8,000 அடி. தை மாதத்து இரவுகளில் மூணாறு வட்டாரத்தின் பள்ளங்களில் வெப்பம் சில வருஷங்களில் பூஜ்யத்துக்கும் கீழே போய், விடியற்காலையில் தேயிலைக் கொழுந்தின்மேல் உறைபனி படிந்து, வெயில் பட்டதும் இலை கருகிவிடும். அதே நாளில் போடிச் சமவெளியில் பகல் வெப்பம் 30 பாகையை ஒட்டியும், இரவு வெப்பம் 20க்குச் சற்றுக் கீழேயும் இருக்கும். கம்பளியும் வேண்டாம், விசிறியும் வேண்டாம். நடுவே இருப்பது ஒரே ஒரு மலைச்சரிவுதான். குறிஞ்சி நிலத்துக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாக வகுத்த தொல்காப்பியர் மலைவாசிகளின் குளிரை நன்றாக அறிந்திருக்க வேண்டும். அந்தக் குளிரிலிருந்து ஒரு பகல் நடையில் தப்பிவிடக்கூடிய அடிவாரத்துக்குத் தனியாக ஒரு பொழுது வகுக்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை போலும்.

இவ்வளவு சௌகரியமான சீதோஷ்ணம் வாய்த்திருந்தும், சென்ற நூற்றாண்டின் பாதிவரையில் அடிவாரத்தில் இரவு தங்குவதற்கு யாரும் விரும்பவில்லை என்பதுதான் விசித்திரம். காரணம் மலைக்காய்ச்சல். மலையிலிருந்து இறங்கி வேகம் தணிந்து, கல்லிடுக்குகளில் தெளிவாகத் தேங்கி நிற்கும் ஓடை நீரிலேதான் மலேரியாவைப் பரப்பும் கொசுவினங்களில் ஒன்று விருப்பத்தோடு முட்டையிடுகிறது. ஆகவே சமவெளியைவிடவும், உச்சியைவிடவும், இரண்டுக்கும் நடுவிலிருந்த அடிவாரமே ஆபத்தானதாக இருந்தது. 1897இல் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியைக் கண்டுபிடிக்கும் வரையில், காட்டின் விஷக்காற்றுதான் காய்ச்சலுக்குக் காரணம் என்று துரைமார்களும் நம்பினார்கள், கூலிகளும் நம்பினார்கள். 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, டி.டி.டி. மருந்து தெளிப்பவர்கள் வீடு வீடாக வந்து சுவர்களை நனைத்துவிட்டுப் போன பிறகே அடிவாரத்து இரவுகள் மனிதருக்குச் சொந்தமாயின. வெதுவெதுப்பு எப்போதும் அங்கே இருந்தது. அதை அனுபவிக்கும் உரிமைதான் பிந்தி வந்தது.

ஏலக்காய்த் தோட்டத்தாரின் வாழ்க்கையை உருவாக்கியதும் இந்தக் காய்ச்சலும் குளிருமே. திருவிதாங்கூர் ராஜ்யத்துக்குச் சொந்தமான ஏலமலைகளில் பயிர்செய்தவர்களில் பெரும்பாலோர் கம்பம், போடி முதலான மதுரைச் சீமையின் ஊர்களைச் சேர்ந்த தமிழ்க் குடியானவர்கள். காய் முழுவதையும் சர்க்காரிடமே ஒப்படைக்க வேண்டும் என்ற ஏகபோக முறை 1896 வரையில் அங்கே அமலில் இருந்தது. தோட்டம் மேலே, வீடு கீழே என்பதே அவர்களுடைய ஏற்பாடு. களையெடுப்புக்கும் காயெடுப்புக்கும் ஏறுவார்கள், பணி முடிந்தால் இறங்கிவிடுவார்கள். குளிர்காலத்துக்கென்று வீடு தேடி அலைந்தவர்களல்லர் அவர்கள். இருந்த வீட்டுக்கே திரும்பியவர்கள். இந்த ஏற்பாடு இன்றைக்கும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. விடியுமுன்னே போடித் தெருக்களில் ஜீப்புகள் நின்று உறுமிக்கொண்டிருக்க, தலையில் துண்டைக் கட்டி, தூக்குவாளியைக் கையில் பிடித்தபடி பெண்கள் ஏறி நெருக்கி உட்கார்ந்து, போடிமெட்டின் வளைவுகளைக் கடந்து குளிருக்குள் போய், மாலையில் அதே ஜீப்பில் வெதுவெதுப்புக்குத் திரும்புவதைப் பார்க்கலாம். காய் பறித்து, ஸ்டோரில் உலர்த்தி, போடிக்கு வந்த பிறகு பெண்கள் முறத்தில் பரப்பி வைத்துக்கொண்டு, பெருங்காய் ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம் என்று விரலால் ஒதுக்குகிற வேகத்தைக் கண்ணால் பின்தொடர முடியாது. பேச்சு மட்டும் நிற்பதில்லை.

குரங்கணியை ஒரு காலத்தில் பரபரப்பான இடமாக்கியது ஏலக்காயன்று, தேயிலை. 1877இல் பூஞ்சாறு ராஜாவிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்று, பிறகு அங்கே தேயிலை வேரூன்றி, 1897இல் கண்ணன் தேவன் மலைக் கம்பெனியும் நிறுவப்பட்ட பின், அவ்வளவு சரக்கை எந்த வழியாகக் கடலுக்குக் கொண்டுபோவது என்ற கேள்வி எழுந்தது. மேற்கே கொச்சிக்குப் போகிற பாதையைவிடக் கிழக்கே செங்குத்தாக இறங்கித் தூத்துக்குடிக்குப் போகிற வழி அவர்களுக்கு வசதியாகப் பட்டது. 1902இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியாக டாப் ஸ்டேஷன் வரையில் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று போடப்பட்டது: வண்டியின் சிறு சக்கரங்கள் தண்டவாளத்தின்மேல் ஓட, பாரம் சாயாமல் காக்க ஒரு பெரிய பக்கச் சக்கரம் சாலைமேல் உருண்டு வர, மாடுகள் இழுத்துச் சென்ற விநோதமான ரயில் அது. 1908இல் அதை மாற்றி, இரண்டடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளம் போட்டு நீராவி வண்டியே ஓடியது. டாப் ஸ்டேஷனில் தண்டவாளம் முடிந்தது. அதற்குமேல் மலை இல்லை, பள்ளம்தான் இருந்தது.

அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிக்கயிற்றில் தொங்கியபடி அந்தரத்திலே இறங்கின. நடுவழி நிலையம் ஒன்று இருந்த இடத்துக்கு இன்றும் சென்ட்ரல் என்றே பெயர். கீழ்நிலையம் குரங்கணியை அடுத்த கொட்டகுடியில். மேலேயுள்ள கூலிகளுக்கான அரிசியும் சாமான்களும் அதே கயிற்றில் ஏறின. கீழே இறங்கிய பெட்டிகளை மாட்டுவண்டிகள் போடிக்கு இழுத்துச் செல்லும். 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வரும் வரையில், அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனைப் பிடிக்க இன்னும் நெடுந்தூரம் வண்டிப்பாதைதான். வண்டிக்காரர், சுமைகாரர், கணக்குப்பிள்ளை, கங்காணி, அவர் திரட்டிக்கொண்டு வந்த ஆள்கட்டு என்று பலதரப்பட்ட ஜனங்கள் இந்த அடிவாரத்தில் இறங்கி ஏறினார்கள். மதுரையிலிருந்து மீனாட்சியம்மன் விக்கிரகத்தை முதுகிலே சுமந்துகொண்டு மலையேறியதாகத் தம் வரலாற்றைச் சொல்லிக்கொள்ளும் முதுவர்கள், குரங்கணிக்கு மேலே முதுவாக்குடியிலிருந்தபடி இந்த ஆரவாரத்தை என்னவென்று நினைத்திருப்பார்களோ!

1924 ஜூலையில் பெய்த பேய்மழை, மலையாள நாட்டில் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று கதை கதையாகச் சொல்லப்படுகிற அந்தப் பிரளயம், குண்டளை ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. மறுபடி அதைக் கட்ட யாரும் துணியவில்லை. 1931இல் ஆலுவாயிலிருந்து மூணாறுக்குப் புதிய சாலை திறக்கப்பட்டதும், மோட்டார் லாரி மேற்குப் பக்கமாகச் சரக்கை இழுத்துக்கொண்டது. பிறகு 1956 நவம்பர் முதல் தேதி ராஜ்யங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது, தமிழர் நிறைந்திருந்த தேவிகுளம் வட்டம் கேரளத்தோடு போய்ச் சேர, குரங்கணியின் தலைக்குமேல் இருந்த பழைய எல்லைக்கோடே நிலைத்துவிட்டது. போடிக்கு வந்த ரயிலும் நிம்மதியாக ஓடவில்லை. உலகப்போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தார்கள், விடுதலைக்குப் பின் திரும்பப் போட்டார்கள், அகலப்பாதையாக்குவதற்கென்று 2010 இறுதியில் மறுபடி நிறுத்தினார்கள், 2023 ஜூனில்தான் போடிக்கு வண்டி மீண்டும் வந்தது. இப்போது சென்னையிலிருந்தே நேராக வண்டி வருகிறது.

ஜனநெரிசல் ஏன் இல்லை என்ற கேள்விக்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது. மீதிப் பாதி, சாலை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கொழுக்குமலை தமிழ்நாட்டின் பூமி. ஆனால் அங்கே ஜீப்பில் போக வேண்டுமென்றால் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் போக வேண்டும். டாப் ஸ்டேஷனும் அப்படியே. சுற்றுலாக் கூட்டம் மூணாறிலிருந்து காரில் வந்து, விளிம்பில் நின்று, மேகத்துக்குக் கீழே தெரிகிற பள்ளத்தைப் படம் பிடித்துக்கொண்டு, மக்காச்சோளம் தின்றுவிட்டுத் திரும்பிப் போகிறது. அவர்கள் படம் பிடிக்கிற அந்தப் பள்ளம்தான் குரங்கணி. பார்க்கப்படுகிற ஊராக இருப்பதற்கும் போகப்படுகிற ஊராக இருப்பதற்கும் வாடகையில் எவ்வளவு வித்தியாசம் உண்டு என்பதை மூணாறில் ஓரிரவு தங்கியவர்கள் அறிவார்கள். குரங்கணியில் விடுதிகள் சொற்பம். மாதக்கணக்கில் தங்க நினைப்பவர் போடியிலே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, காலையில் பஸ் ஏறிப் போய் மாலையில் திரும்புவதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். படுக்கைக்குக் கவலை வேண்டாம். இலவம்பஞ்சு வியாபாரத்துக்குப் பேர்போன ஊர் அது, மெத்தை தைக்கிறவர்கள் கேட்ட அளவில் தைத்துக் கொடுப்பார்கள்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். தென்மேற்குப் பருவமழையை மலைச்சுவர் மறைத்துவிடுவதால் இந்தப் பக்கத்துக்கு அதன் காற்றும் சாரலுமே மிஞ்சுகின்றன. ஐப்பசியும் கார்த்திகையும்தான் இங்கே மழைக்காலம், அப்போது கொட்டகுடி ஆற்றில் வெள்ளம் வரும், பாதையில் மண் சரியும். மார்கழி நடுவில் மழை ஓய்ந்ததிலிருந்து மாசி முற்பகுதி வரையில் உள்ள நாட்களே குளிர்காலவாசிக்கு ஏற்றவை. பங்குனியை நெருங்கும்போது மலைச்சரிவிலுள்ள போதைப்புல் காய்ந்து சருகாகிவிடும். அதன் பிறகு ஒரு பொறி போதும். 2018 மார்ச் 11ஆம் தேதி, கொழுக்குமலைப் பக்கமிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ வளைத்துக்கொண்டதில், 20க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் இளவயதினர், உயிரிழந்தார்கள். நாளிதழ்களின் முதல் பக்கத்தில் குரங்கணி என்ற பெயர் வந்தது அந்த வாரத்தில்தான். அதற்குப் பிறகு வனத்துறையின் அனுமதிச் சீட்டில்லாமல் மலைப்பாதையில் கால்வைக்க முடியாது. தீக்காலத்தில் அனுமதியே கிடையாது. சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு, நான் அவர்களில் ஒருவனல்லன்.

ஆகையால் மாசி பாதி கழிந்ததும் மூட்டையைக் கட்டிவிட வேண்டும். அதற்குமேலும் இந்தப் பிராந்தியத்தை விட்டுப் போக மனமில்லாதவர்கள், ஏலத்தோட்டத்தாரைப் போலவே போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மேலே போய்விடலாம். அங்கே அப்போது குளிர் தணிந்திருக்கும். விடுதி வாடகையை மட்டும் முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளுவது நல்லது.