இறைப்புத் தோட்டமும் இடைநிலைக் கல்வியும்

யாழ்ப்பாணத்து உரும்பிராயின் செம்மண்ணுக்கு ஆற்றுப் பாய்ச்சல் இல்லை. மாரி மழையைச் சுண்ணாம்புக்கல் உள்வாங்கி வைத்துக்கொள்ளும். அதைக் கிணற்றிலிருந்து மேலே எடுத்துத்தான் வெங்காயம், புகையிலை, வாழை, மரவள்ளி எல்லாம் விளைந்தன. மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் பரவலாக வருமுன்னர், ஓர் இறைப்புக்குக் குறைந்தது மூவர் வேண்டும். துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பவர் ஒருவர். கிணற்றடியில் பட்டை பிடித்துக் கவிழ்ப்பவர் ஒருவர். பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுபவர் ஒருவர். மூன்றாவது வேலை பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையின் தலையில் விழும். மண்வெட்டியால் ஒரு பாத்தியின் வாயை அடைத்து, அடுத்ததன் வாயைத் திறந்துவிட வேண்டும். சற்று அசட்டையாக நின்றால் வரம்பு உடைந்து தண்ணீர் கண்டபடி ஓடும். துலாவில் நிற்பவரின் உழைப்பும் அதோடு போய்விடும். விடியலில் தொடங்கும் அந்த வேலையை முடித்து, காலிலே பிடித்த செம்மண்ணைக் கழுவிவிட்டுத்தான் பலர் பள்ளிக்கூடம் போனார்கள்.

பிள்ளைகளை மறுபடியும் தோட்டத்துக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த வேலையினால் படிப்பைப் பாதியில் விட்டவர்களும் இந்த ஊரிலே உண்டு. ஆனால் முயற்சி என்னும் பழக்கம் ஒரு பிள்ளையிடம் எப்படி ஊறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நம்பி ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டது. அந்த வேலை உண்மையான வேலை. அதில் பிழை விட்டால் இன்னொருவர் பாதிக்கப்படுவார் என்று பிள்ளைக்குத் தெரியும். 'கவனமாயிரு' என்று யாரும் உபதேசம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

இந்த ஊரைச் சுற்றி ஒரு சைக்கிள் ஓட்டத் தூரத்துக்குள் எத்தனை கல்விக்கூடங்கள்! ஊருக்குள்ளேயே உரும்பிராய் இந்துக் கல்லூரி. மருதனார்மடத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண் பிள்ளைகளுக்காக 1913இல் தொடங்கிய கல்லூரி. பலாலி வீதியால் தெற்கே இறங்கினால் திருநெல்வேலியில் அவரே 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவு. 1974இல் அங்கேதான் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டது. 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் வந்தபின், தோட்டக்காரரின் பிள்ளையும் கட்டணம் கட்டாமல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை போகக்கூடிய வழி திறந்தது. வாய்ப்புக்குக் குறைவில்லை. அந்த வாய்ப்பை எடுத்து நடக்கும் மனத்தை வளர்ப்பதிலேதான் நாம் இப்போது தடுமாறுகிறோம்.

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியானதும் பாடசாலை மதில்களில் பதாகைகள் ஏறிவிடுகின்றன. ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்தவர்களின் படங்கள் வரிசையாக நிற்கும். அந்தப் பிள்ளைகள் உழைத்தவர்கள். அவர்களைப் பாராட்டுவதில் எனக்கு முழு மனச்சம்மதம். என் மனம் நிற்பது அந்தப் பதாகையைப் பார்த்துக்கொண்டு கடந்துபோகும் மற்றப் பிள்ளையிடம். கணிதத்தில் முதலாம் தவணையில் இருபத்தெட்டுப் புள்ளி, மூன்றாம் தவணையில் ஐம்பத்தொன்று. இடையில் அவன் செய்த வேலை முதலாம் பிள்ளை செய்த வேலையிலும் கூடவாக இருக்கலாம். பரிசில் தினத்தில் அவன் பெயரை வாசிக்க ஓர் இடமும் இல்லை. தனியார் கல்வி நிலையமும் பாடசாலையும் வீடும் ஒரே தராசைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அந்தத் தராசில் இவன் எந்நாளும் எடை குறைந்தவனாகவே இருப்பான்.

பாராட்டும் முறை பிள்ளையை எப்படி மாற்றுகிறது என்பதை ஆய்வாளர்கள் நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர்களான கிளாடியா மியூலரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வு பலர் அறிந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்களைக் கொடுத்து, ஒரு பகுதியினரை 'நீ கெட்டிக்காரன்' என்றும், இன்னொரு பகுதியினரை 'நீ நன்றாக முயன்றிருக்கிறாய்' என்றும் பாராட்டினார்கள். பின்னர் கடினமான புதிர் வந்து தோல்வி கண்டபோது, கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் விரைவில் சோர்ந்தார்கள். அடுத்த சோதனையில் அவர்களுடைய புள்ளியும் இறங்கியது. முயற்சிக்குப் பாராட்டுப் பெற்றவர்கள் கடினமானதையே விரும்பி எடுத்தார்கள். இதன் பின் இந்தத் துறையில் மிகைப்பட்ட வாக்குறுதிகளும் வந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. டேவிட் யேகரும் அவருடைய குழுவினரும் 2019இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு நிதானமானது. பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடையே, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஒரு பயிற்சி மூலம், முயற்சியால் திறன் வளரும் என்ற எண்ணத்தை ஊட்டிப் பார்த்தார்கள். பின்தங்கிய மாணவர்களின் பெறுபேறு சிறிதளவு உயர்ந்தது. கடினமானதைத் தொட்டுப் பார்ப்பவனை வகுப்புத் தோழர்கள் மதிக்கும் பாடசாலைகளில்தான் பயன் கூடவாகத் தெரிந்தது. அதாவது, பிள்ளையின் உள்ளத்தை மட்டும் திருத்தினால் போதாது. பாடசாலையின் காற்றும் மாற வேண்டும்.

புள்ளிக்கு அப்பால் பிள்ளையை மதிப்பதில், நல்ல நோக்கத்தோடு தொடங்கிய அமைப்புகளும் வழுக்கியிருக்கின்றன. 1921இல் அமெரிக்க இடைநிலைப் பாடசாலை அதிபர்கள் சேர்ந்து தேசிய கௌரவ சங்கம் ஒன்றை நிறுவினார்கள். கல்வி, சேவை, தலைமை, ஒழுக்கம் என்று நான்கு தூண்களை வைத்தார்கள். ஆனால் உள்ளே போகும் முதல் வாசல் புள்ளிதான். அந்த வாசலைத் தாண்டாதவனின் சேவையும் ஒழுக்கமும் எண்ணிப் பார்க்கப்படுவதில்லை. நம்முடைய மாணவ முதல்வர் தெரிவிலும் பல இடங்களில் இதே கதைதான்.

மாணவ முதல்வர் முறை நமக்கு ஆங்கிலேயப் பாடசாலைகளின் வழியே வந்தது. 1828இல் ரக்பி பாடசாலையின் தலைமை ஆசிரியரான தோமஸ் ஆர்னல்ட் மூத்த மாணவர்களிடம் ஒழுங்கைப் பேணும் பொறுப்பை ஒப்படைத்து அந்த முறைக்குப் புகழ் தேடித் தந்தார். மிஷன் பாடசாலைகள் அதை இங்கே கொண்டுவந்தன. சைவப் பாடசாலைகளும் ஏற்றுக்கொண்டன. அதில் நன்மை உண்டு. ஆயினும் இன்று அது பல பாடசாலைகளில் ஒரு சின்னமும் கழுத்துப் பட்டியுமாகச் சுருங்கிவிட்டது. காலையில் வாசலில் நின்று பிந்தி வருபவரின் பெயரை எழுதுவது, வரிசை பிடிப்பது, சத்தம் போடுபவரை எழுப்பி நிற்கவைப்பது. இவை காவல் வேலைகள். இவற்றைச் செய்து வளரும் பிள்ளை அதிகாரம் செலுத்தப் பழகும். மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு காரியத்தை முடிக்கப் பழகுவது வேறு இடத்தில்.

அந்த வேறு இடமும் நம் பாடசாலைகளில் இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் வரும் இல்ல மெய்வல்லுநர் போட்டியைச் சொல்கிறேன். போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது மைதான ஓரத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒவ்வோர் இல்லமும் தன் சோடனையை எழுப்பிக்கொண்டிருக்கும். கமுகஞ் சலாகையா சவுக்குத் தடியா, யார் வீட்டு வளவில் வெட்டலாம், எந்த லான்ட்மாஸ்டரில் ஏற்றலாம், கிடுகு எத்தனை வேண்டும், இல்லப் பொறுப்பாசிரியர் தந்த காசில் நிறத்தாளுக்கு எவ்வளவு, கயிற்றுக்கு எவ்வளவு என்று பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் நின்று கணக்குப் போடுவார்கள். முகப்பு வளைவு சரிந்துவிடாமலிருக்க எத்தனை அடி ஆழம் குழி வெட்டுவது என்ற வாக்குவாதம் வரும். அதைத் தீர்த்துவைப்பவன் பெரும்பாலும் வகுப்பில் பின்வாங்கில் இருப்பவனாயிருப்பான். தகப்பனோடு பந்தல் போடப் போன அனுபவம் அவனுக்கு. இல்லத் தலைவியோ, அணிநடைக்கு வராமல் ஒளித்த இரண்டு பிள்ளைகளின் வீட்டுக்குச் சைக்கிளில் போய்த் தாயாரோடு கதைத்து அழைத்து வந்திருப்பாள். இரவு ஏழு மணிக்கும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் தோரணம் பின்னிக்கொண்டிருப்பவர்களிடம் முயற்சியைப் பற்றி நாம் என்ன போதிக்கப் போகிறோம்?

போட்டி முடிந்த மறுநாள் சோடனையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்தத் திறமைகளையும் அதோடு மறந்துவிடுகிறோம். பின்வாங்குப் பிள்ளை மறுபடி பின்வாங்குக்குப் போகிறான். இதுதான் எனக்குப் பெரிய நட்டமாகத் தெரிகிறது.

இளையவரிடம் உண்மையான காரியத்தை ஒப்படைத்தால் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு யாழ்ப்பாணத்தின் வரலாறே சாட்சி. 1924இல் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் உருவானது. பின்னர் வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்றது அதுவே. அதன் உயிர்நாடியாக இருந்த ஹன்டி பேரின்பநாயகம் 1899இல் பிறந்தவர். அப்போது இருபத்தைந்து வயது இளைஞர். அவர்கள் தாய்மொழிக் கல்வியைப் பேசினார்கள், தேசியத்தைப் பேசினார்கள், 1927 நவம்பரில் மகாத்மா காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தம் சொந்த வீடுகளிலும் ஊர்களிலும் வேரூன்றியிருந்த சாதிக் கொடுமையை எதிர்த்தார்கள். பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கலாமா என்பதே அன்று கலகத்துக்குரிய கேள்வி. சமாசனம் எனப்பட்ட அந்தச் சம இருக்கையை ஏற்க மறுத்துப் பாடசாலைகளுக்குத் தீ வைத்தவர்கள் வாழ்ந்த காலத்தில் இந்த இளைஞர்கள் சமாசனத்தின் பக்கம் நின்றார்கள். மேன்மை என்று நாம் இன்று பேசுவதற்கு அடிப்படையே அந்த வாங்குதான். ஒரு பிள்ளையை நிலத்தில் இருத்திவிட்டு இன்னொரு பிள்ளையின் முதலிடத்தைக் கொண்டாடினால் அது என்ன முதலிடம்?

1931ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி அவர்கள் விடுத்த அழைப்புச் சரியா பிழையா என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அதை அவர்களிடமே விட்டுவிடலாம். நான் கவனிப்பது, அந்த இளைஞர்கள் பிறகு எங்கே போய் நின்றார்கள் என்பதை. பேரின்பநாயகம் 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபர். அந்த அணியைச் சேர்ந்த ஒறேற்றர் சுப்பிரமணியம் சுன்னாகம் ஸ்கந்தவரோதயாக் கல்லூரியின் அதிபர். இளமையில் மேடையும் இயக்கமும் கண்டவர்கள் நடுவயதில் அதிபர்களாக நின்று, அடுத்த தலைமுறையைப் பேசவும் கேள்வி கேட்கவும் பழக்கினார்கள். மாணவர் தலைமை தந்த மிகச் சிறந்த விளைச்சல் இந்த அதிபர்கள்தான் என்பது என் துணிபு.

போர்க்காலத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. 1990களில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் பொன் விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சை வைத்து, சில துளி எண்ணெயில் மணிக்கணக்காக எரியும் சிறு விளக்கைச் செய்து அந்த வெளிச்சத்தில் படித்தார்கள். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தபோது, உரும்பிராய்ப் பிள்ளைகளும் புத்தகப் பையைச் சுமந்துகொண்டுதான் நடந்தார்கள். மரநிழலில் வகுப்பு நடந்தது. அந்த உறுதியை எத்தனை தரம் நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. ஆனால் 'நாங்கள் விளக்கு வெளிச்சத்தில் படித்தோம், உங்களுக்கு என்ன குறை' என்று இன்றைய பிள்ளையிடம் கேட்பது நியாயமில்லை. அந்த விளக்கடியில் படித்து மேலே வந்தவர்களை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். படிப்பைத் தொலைத்தவர்கள், உயிரையே தொலைத்தவர்கள் எத்தனை பேர்! துன்பம் யாரையும் கெட்டிக்காரராக்குவதில்லை. அந்த நாட்களில் பிள்ளைகளைத் தாங்கியது, மரத்தடியிலும் இடாப்பு எடுத்துப் பெயர் கூப்பிட்ட ஆசிரியர்களின் விடாப்பிடி.

இன்று புலம்பெயர் நாடுகளிலிருந்து பழைய மாணவர் சங்கங்கள் தங்கள் பாடசாலைகளுக்கு மனமுவந்து காசு அனுப்புகின்றன. அந்த அன்பை நான் மிகவும் மதிக்கிறேன். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பரிசில் ஒரு பங்கை முதலாம் பிள்ளைக்கு வையுங்கள். இன்னொரு பங்கை, முதலாம் தவணையிலிருந்து மூன்றாம் தவணைக்குள் தன் சொந்தப் புள்ளியைக் கூடவாக உயர்த்திய பிள்ளைக்கு வையுங்கள். இதற்குப் புதிய பரீட்சை ஒன்றும் வேண்டாம். வகுப்பாசிரியரின் புள்ளிப் பதிவேட்டில் எல்லாம் இருக்கிறது. வீட்டில் நோயாளித் தாயைப் பார்த்துக்கொண்டு, ஒரு நாளும் தவறாமல் வந்த பிள்ளை யார் என்பதும் அந்த ஆசிரியருக்குத் தெரியும்.

அதிபர்களிடமும் ஒன்று. நூலகம், ஆய்வுகூடம், பாடசாலைத் தோட்டம், தரம் ஆறில் வாசிக்கத் திணறும் தம்பி தங்கையர் என்று செய்ய வேண்டிய வேலை பாடசாலையில் நிறையவே இருக்கிறது. தவணைக்கு ஒரு வேலையாக மாற்றி மாற்றி எல்லோருக்கும் கொடுங்கள். சின்னம் குத்தியவருக்கு மட்டும் வேண்டாம். தரம் பத்து மாணவர் குழு ஒன்றின் கையில் இருபதாயிரம் ரூபாவைக் கொடுத்து, நூலகத்துக்கு எந்தப் புத்தகம் வாங்குவது என்று அவர்களையே விசாரித்துத் தெரிந்தெடுக்கச் சொல்லுங்கள். கடைக்கு அவர்களே போகட்டும், விலை கதைக்கட்டும், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தட்டும். வர்த்தகப் பாட ஆசிரியர் கணக்கைச் சரிபார்க்கட்டும். பெற்றார் கூட்டத்தில் அறிக்கையை வாசிப்பது அந்தப் பிள்ளைகளே. கணக்கில் ஐந்நூறு ரூபா குறைந்திருந்தால், ஏன் குறைந்தது என்று எழுந்து நின்று சொல்வதும் அவர்களே.