மழை வரும் காலம்: இலங்கை வரலாற்றைப் பருவங்களின் வழியே படித்தல்

ஒரு நாட்டின் வரலாற்றை நாம் பெரும்பாலும் அரசர்களின் பெயர்களையும் போர்களின் ஆண்டுகளையும் கொண்டே படிக்கிறோம். அவ்வாறே கற்பிக்கவும் செய்கிறோம். புவியியல் வகுப்பில் மழையளவு வரைபடம் ஒன்று தொங்குகிறது. வரலாற்று வகுப்பில் அரசர் வரிசை ஒன்று ஒப்பிக்கப்படுகிறது. இரண்டும் ஒரே நிலத்தைப் பற்றியவை என்பதை மாணவர் உணரும் வாய்ப்புக் குறைவு. இவ்வுரையில் இலங்கையை எடுத்துக்கொண்டு அவ்விரண்டையும் சேர்த்துப் படிக்க முயல்வோம். நாம் நிறுவ விழைவது ஒன்றே: அத்தீவு மக்களின் வாழ்வைப் பெரிதும் முடிவுசெய்தது மழையின் அளவன்று, மழை வரும் காலமே.

மலை பிரித்த மழை

இலங்கை 65,610 சதுரக் கிலோமீட்டர் பரப்புடைய தீவு. அதன் நடுவே, சற்றுத் தெற்கே தள்ளி, மலைத்தொகுதி ஒன்று எழுந்து நிற்கிறது. 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலை அதன் உச்சி. நாம் வாழும் வட்டாரத்தைப் போலவே அத்தீவும் இரு பருவக்காற்றுகளின் வழியில் கிடக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து ஒரு காற்று. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து மற்றொரு காற்று. இவற்றுக்கு இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை பெய்யும். ஆண்டின் இறுதி மாதங்களில் வங்கக் கடலில் தோன்றும் தாழ்வழுத்தங்களும் புயல்களும் இதனோடு சேர்ந்துகொள்ளும்.

தென்மேற்குக் காற்று கடலீரத்தைச் சுமந்து வந்து மேற்குச் சரிவில் மோதுகிறது. மேலே ஏறுகையில் குளிர்ந்து, சுமந்த நீரை அங்கேயே பொழிந்துவிடுகிறது. அதனால் வட்டவளை போன்ற மேற்குச் சரிவுப் பகுதிகளில் ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரையும் தொடுகிறது. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது அதே காற்று வெப்பமும் வறட்சியும் மிக்கதாக மாறிவிடுகிறது. மட்டக்களப்பு மக்கள் அதனைக் கச்சான் என்பர். மேற்கே ஆறுகள் கரைபுரளும் அதே நாட்களில் கிழக்கே கச்சான் வீசிப் பயிர்களை வாட்டும். மன்னார், அம்பாந்தோட்டை போன்ற கரையோரப் பகுதிகளிலோ ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டர் அளவிலேயே நின்றுவிடுகிறது.

இவ்வேறுபாட்டைக் கொண்டு புவியியலாளர் தீவை ஈர வலயம், இடை வலயம், உலர் வலயம் என வகுத்தனர். ஆண்டு மழை 2,500 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தென்மேற்குப் பகுதி ஈர வலயம். 1,750 மில்லிமீட்டருக்குக் குறைந்த பகுதி உலர் வலயம். தீவின் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு உலர் வலயமே.

'உலர்' என்னும் இச்சொல்லை நாம் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். உலர் வலயத்தின் நடுவிலுள்ள அநுராதபுரம், இலண்டன் மாநகரைப் போல இருமடங்கு மழை பெறுகிறது. ஆயினும் இலண்டனில் அது ஆண்டு முழுவதும் தூறலாகப் பரவி விழுகிறது. அநுராதபுரத்திலோ பெரும்பகுதி அக்டோபர் முதல் ஜனவரி வரை கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மே முதல் செப்டம்பர் வரை நிலம் ஆவியாக இழக்கும் நீர், பெறும் நீரைவிட மிகுதி. ஆகவே அங்கே குறைவது மழையன்று. மழைக்கும் தேவைக்கும் இடையே அமைய வேண்டிய காலப் பொருத்தம்.

குளம் என்னும் விடை

தீவின் முதற்பெரும் நகரங்களான அநுராதபுரமும் பொலன்னறுவையும் வளமான ஈர வலயத்தில் எழவில்லை. உலர் வலயத்திலேயே எழுந்தன. வியப்புக்குரிய இச்செய்திக்கு விளக்கம் குளங்களில் இருக்கிறது. ஒரு பருவத்தில் மிகுதியாக வந்த நீரை மறுபருவத்திற்கு எடுத்துச்செல்லும் ஏற்பாடே குளம். மாரி மழையை நம்பிச் செய்யும் வேளாண்மை பெரும்போகம். குளத்தில் எஞ்சிய நீரைக் கணக்கிட்டுச் செய்யும் வேளாண்மை சிறுபோகம். சிங்களவர் இவற்றை மகா, யால என்பர்.

மகாசேனன் காலத்து மின்னேரியாக் குளம், 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டிய கலாவாவி, 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு விரிவாக்கிய பராக்கிரம சமுத்திரம் ஆகியவை பாடநூல்களில் இடம்பெற்ற பெருங்குளங்கள். கலாவாவியின் நீரை அநுராதபுரத்திற்குக் கொண்டுசென்ற ஜய கங்கை என்னும் கால்வாயின் நீளம் ஏறத்தாழ 87 கிலோமீட்டர். அதன் முதற்பகுதியில் தரையின் சரிவு மைலுக்கு ஆறு அங்குலமே. பெருங்குளங்களின் மதகருகே 'பிசோகொட்டுவ' என்னும் கற்கிணறு அமைத்து, வெளியேறும் நீரின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தினர். பிரித்தானியர் ஆட்சியில் நீர்ப்பாசனப் பொறியாளராயிருந்த ஹென்றி பார்க்கர் இதனை ஆராய்ந்து, 1909இல் வெளிவந்த தம் நூலில் விளக்கியுள்ளார்.

எனினும் மன்னர் கட்டிய பெருங்குளங்களைவிட ஊரார் பேணிய சிறுகுளங்களே நம் கவனத்திற்கு உரியவை. ஒரு சிற்றோடையின் பள்ளத்தாக்கில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல குளங்கள் அமைந்திருக்கும். மேற்குளத்து நீர் வயலில் பாய்ந்து, எஞ்சியது வடிந்து, அடுத்த குளத்தை அடையும். இத்தொடர் அமைப்பை 1985இல் பேராசிரியர் மத்தும பண்டார ஆராய்ந்து எழுதினார். குளத்தின் மேற்புறத்து மரக்கூட்டம் காற்றைத் தடுத்து ஆவியாதலைக் குறைத்தது. அணைக்குக் கீழே விடப்பட்ட புதர்நிலம் கசிவுநீரின் உப்பை வயலுக்குச் செல்லாமல் தடுத்தது.

மழை பொய்த்த ஆண்டில் ஊரார் மேற்கொண்ட முறையொன்று இன்னும் சிறப்புடையது. அதற்குப் 'பெத்ம' என்று பெயர். குளநீர் எல்லா வயலுக்கும் போதாதெனில், குளத்தை ஒட்டிய வயற்பகுதியை மட்டும் பயிரிடுவர். ஆனால் அப்பகுதி அதன் உரிமையாளருக்கு மட்டும் உரியதாகாது. அப்பருவத்திற்கு மட்டும் ஊரின் வயலுடையோர் அனைவருக்கும் பங்கிடப்படும். கடைமடைக்காரரும் பட்டினியின்றி அடுத்த மாரியை எதிர்நோக்குவர். அணையும் மதகும் நீரைக் காத்தன. இம்முறை ஊரைக் காத்தது.

ஏற்பாடு குலைந்த காலம்

1215இல் கலிங்க மாகனின் படையெடுப்புக்குப் பின் பொலன்னறுவை அரசு நிலைகுலைந்தது. அடுத்துவந்த நூற்றாண்டுகளில் ஆட்சி மையங்கள் தென்மேற்கு நோக்கி நகர்ந்தன. போர், நோய், வறட்சி, நிருவாகச் சிதைவு என அறிஞர் பல காரணங்களைக் கூறுவர். எக்காரணம் முதன்மையானதாயினும் விளைவு ஒன்றே: பெருங்குளங்கள் பல உடைந்து காடேறின. சிறுகுளங்களுள் பலவற்றை ஊரார் தம் உழைப்பால் காத்துவந்தனர்.

1832இல் பிரித்தானிய அரசு இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியமுறையை ஒழித்தது. மக்களை வருத்திய முறையொன்று நீங்கியது என்ற அளவில் அது வரவேற்கத்தக்கதே. ஆனால் குளங்களைத் தூர்வாரி அணைகளைச் செப்பனிட்ட கடமையும் அம்முறையோடு பிணைந்திருந்தது. அதற்கு மாற்று ஏற்பாடு செய்யப்படவில்லை. குறையை உணர்ந்த அரசு, ஊர் வழக்கங்களுக்கு மீண்டும் சட்டவலுவளிக்க 1856இல் நீர்ப்பாசனச் சட்டம் இயற்றியது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் பல ஊர்கள் பெருந்துன்பம் அடைந்தன.

காப்பியின் பருவமும் தேயிலையின் ஆண்டும்

1815இல் கண்டி வீழ்ந்தபின் ஆட்சியாளரின் கவனம் ஈரமான மலைகள்மீது சென்றது. காடுகள் அழிக்கப்பட்டுக் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. இங்கேதான் மழையின் வரலாறு தமிழரின் வரலாற்றோடு இணைகிறது.

காப்பி, பருவத்தில் பழுப்பது. அறுவடைக் காலத்தில் மிகுதியான ஆட்கள் வேண்டும். மற்ற மாதங்களில் சிலரே போதும். ஆகவே தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, உலர் வலயக் காடுகளின் ஊடே நூறு மைலுக்கும் மேல் நடந்து மாத்தளையை அடைந்தனர். பருவம் முடிந்ததும் திரும்பினர். தூர்ந்த குளங்களும் ஆளற்ற ஊர்களும் நிறைந்த அவ்வழியில் தாகத்தாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் எண்ணற்றோர் மாண்டனர். முன்னோர் கட்டிய நீர்நிலைகள் கைவிடப்பட்டதன் விலையை, அவற்றைக் கண்டும் கேட்டும் அறியாத ஏழைகள் கொடுத்தனர்.

1869இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை அழித்தது. அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்குப் பருவ அறுவடை இல்லை. மழை ஏறத்தாழ எல்லா மாதங்களிலும் பெய்யும் மலையில் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். ஆண்டு முழுவதும் பறிக்கும் கைகளும் வேண்டும். வந்து போனவர்கள் லயங்களில் குடும்பத்தோடு தங்கலாயினர். ஆக, ஒரு மக்களினம் மலையில் நிலைகொண்டதற்குப் பயிரின் பருவமும் ஒரு காரணம். எனினும் அவர்களை வந்துபோகும் கூட்டமாகவே கருதிய பார்வை மாறவில்லை. 1948இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. காப்பிக் காலத்துச் சித்திரத்தைக் கொண்டு தேயிலைக் காலத்து மக்களை அளந்த பிழை அது.

மழை தவறிய ஆண்டு

1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஈர வலயத்து ஆறுகள் ஓட்டம் நின்று தெளிந்த குட்டைகளாகத் தேங்கின. மலேரியாவைப் பரப்பும் நுளம்பு அக்குட்டைகளில் பெருகியது. நோய்க்குப் பழகிய உலர் வலயத்து மக்களிடம் ஓரளவு தாங்கும் ஆற்றல் இருந்தது. கேகாலை, குருநாகல் பகுதி மக்கள் பலரிடம் அது இல்லை. 1935இன் முற்பகுதிக்குள் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். 'ஈரம்' என்னும் பெயர் எப்பாதுகாப்பையும் அளிக்கவில்லை. ஒரு பருவம் தவறியதே போதுமானதாயிற்று.

மழை மிகுதியும் அவ்வாறே உயிர்கொள்ளும். 2014 அக்டோபர் 29 அன்று, இடைப்பருவ மழைக்காலத்தில், பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் மலைச்சரிவு இடிந்து தோட்டத் தொழிலாளரின் லயங்களைப் புதைத்தது. காடு நீங்கிய சரிவுகளில் மழை எம்மாதத்தில் எவ்வாறு இறங்கும் என்பது முன்னரே அறியத்தக்கது. அவ்வறிவு எவருடைய குடியிருப்பைக் காக்கப் பயன்படுத்தப்படுகிறது என்பதே கேள்வி.

வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

மழை தானாக வரலாற்றை எழுதுவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதே உலர் வலயம் ஒரு காலத்தில் தலைநகரங்களைத் தாங்கியது. மற்றொரு காலத்தில் வழிப்போக்கரின் இடுகாடாயிற்று. மாறியது வானமன்று, பருவங்களுக்கு இடையிலான இடைவெளியை நிரப்பிய மனித ஏற்பாடு. அது பேணப்பட்டபோது மக்கள் வாழ்ந்தனர். சிதைந்தபோது முதலில் எளியோரே வீழ்ந்தனர்.

ஆசிரியர்கள் இலங்கையின் மாதவாரி மழையளவு அட்டவணையை மாணவரிடம் கொடுத்து, இரு கேள்விகள் கேட்கலாம். எம்மாதங்களில் நீர் மிகுதி, எம்மாதங்களில் குறைவு என்பது முதற்கேள்வி. அக்குறைவான மாதங்களை மக்கள் எவ்வாறு கடந்தனர், கடக்க இயலாதவர் யாவர் என்பது இரண்டாவது. முதற்கேள்விக்குப் புவியியல் விடை கூறும். இரண்டாவதற்கு விடை தேடும் மாணவர், வரலாற்றைப் படிக்கத் தொடங்கிவிட்டார் என்றே நாம் கொள்ளலாம்.