வாடகை வீட்டு மோசடி: பிளாக்செயின் எதைக் காக்கும்?

கேமரன் மலையில் விடுமுறைக்கு வீடு தேடினாலும், தோட்டத்து லயத்தை விட்டு பிரிஞ்சாங்கிலோ தானா ராத்தாவிலோ அடுக்குமாடி வீடு தேடினாலும் ஏமாற்றும் வழி ஒன்றுதான். யாருடைய வீட்டுப் படத்தையோ முகநூலில் போட்டு, மலிவு வாடகை சொல்லி, "இன்றே முன்பணம் கட்டுங்கள்" என்று அவசரப்படுத்துவார்கள். பணம் போனதும் தொலைபேசி அடங்கிவிடும்.

பிளாக்செயின் என்பது பல கணினிகளில் ஒரே நேரத்தில் இருக்கும் கணக்கேடு. பதிந்ததைச் சத்தமில்லாமல் திருத்த முடியாது. ஜார்ஜியா நாடு 2016-இல் நிலப் பதிவுக்கு இதைக் கொண்டுவரும் முயற்சியில் இறங்கியது. ஆனால் பதிவு மாறாது என்பது வேறு, பதிந்தவர்தான் உரிமையாளர் என்பது வேறு. பொய்யைப் பதிந்தால் பொய்தான் நிலைக்கும்.

உரிமையாளர் யார் என்பது நில அலுவலகப் பதிவேட்டில் உள்ளது. 1965 தேசிய நிலச் சட்டப்படி கட்டணம் செலுத்தித் தேடிப் பார்க்கலாம். பட்டா, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே பெயரா என்று பாருங்கள். தனிப் பட்டா இன்னும் வராத அடுக்குமாடி என்றால், வீடு வாங்கிய ஒப்பந்தத்தையும் மதிப்பீட்டு வரி ரசீதையும் கேளுங்கள். கணக்கு எண்ணை போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் போட்டுப் பாருங்கள்.

இரண்டு நாள் தங்க நில அலுவலகம் வரை ஓட முடியாதுதான். அப்படியானால் முன்பதிவுத் தளத்துக்குள்ளேயே பணம் கட்டுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் தனிக் கணக்குக்கு வேண்டாம்.

பணத்தை அனுப்பிவிட்டீர்களா? உடனே வங்கியை அல்லது 997-ஐ அழையுங்கள். அது வேறு கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்க முயல்வார்கள். பிறகு போலீசில் புகார் செய்யுங்கள்.