ஜிப்புக்கு ஸ்வரம், டிச் பட்டனுக்குத் தாளம்

உடுப்பைப் பூட்டுகிற சாமான்களை வாத்தியமாக்கிப் பார்ப்பது என்று இறங்கினால் போட்டி சீக்கிரமே இரண்டு பேருக்குள் சுருங்கிவிடும். ரவிக்கைக் கொக்கி ஊமை. சாதாரணப் பித்தான் காஜாவுக்குள் சத்தமில்லாமல் நுழைந்துவிடுகிறது. வெல்க்ரோ வாய் திறந்தால் இரைச்சல்தான். எல்லா அதிர்வெண்களும் அதில் குழம்பிக் கிடப்பதால் ஸ்ருதி என்று ஒன்றைப் பிரித்தெடுக்க முடியாது. மிஞ்சுவது ஜிப்பும், அழுத்தினால் ‘டிக்’கென்று மாட்டிக்கொள்ளும் டிச் பட்டனும். ஜிப்பிடம் ஸ்வரம் இருக்கிறது, காலப்பிரமாணம் இல்லை. டிச் பட்டனிடம் காலம் இருக்கிறது, ஸ்வரம் இல்லை. என் ஓட்டு டிச் பட்டனுக்கு. ஆனாலும் ஜிப்பின் கட்சியை முழுதாகக் கேட்டுவிடுவோம், சுவாரசியம் அங்கேதான் அதிகம்.

பேட்டரியும் சிப்பும் வைத்துப் பாடவைப்பது ஆட்டத்தில் சேர்த்தியில்லை. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில், மின்சாரம் கடத்தும் நூலால் விசைகளை எம்பிராய்டரி செய்து, தொட்டால் இசைக்கும் டெனிம் ஜாக்கெட்டையே தைத்துவிட்டார்கள். அருமையான வேலை, ஆனால் அது சட்டையில் ஒட்டிய கீபோர்டு. குழந்தை நடந்தால் மட்டுமே கீச்சிடும் செருப்பு மாதிரி, இங்கே பூட்டுகிற செயலே ஒலியாக வேண்டும்.

ஜிப் ஏற்கெனவே பாதி வாத்தியம். சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த கிடியான் சன்ட்பேக் 1913இல் அதற்கு இன்றைய வடிவம் கொடுத்தபோது, அங்குலத்துக்கு நான்காக இருந்த பற்களைப் பத்து, பதினொன்று என்று நெருக்கினார். பல்லுக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு 11 பல், வினாடிக்கு 40 அங்குல வேகத்தில் இழுத்தால் 440 தட்டு. மேற்கத்திய ஆர்கெஸ்ட்ரா ஸ்ருதி சேர்த்துக்கொள்ளும் ‘ஏ’ ஸ்வரம் அதுவேதான். மெதுவாக இழுத்தால் கீழே இறங்கும், அவசரப்பட்டால் மேலே ஏறும்.

ஒரே ஸ்வரம் போதாது, ராகம் வேண்டும் என்றால் பற்களை இடைவெளி மாற்றி வைக்க முடியாது. இரண்டு வரிசையும் கோத்துக்கொள்ள வேண்டும், ரன்னரும் ஓட வேண்டும். எனவே பல் வரிசைக்குப் பக்கத்தில் வரிவரியான ஒரு பிளாஸ்டிக் பட்டை, ரன்னரில் அதை உரசும் மெல்லிய உலோக நாக்கு. வரிகளின் இடைவெளிதான் ஸ்வரம். கீழ் ஸட்ஜத்துக்கு 2 மில்லிமீட்டர், காந்தாரத்துக்கு 1.6, பஞ்சமத்துக்கு ஏறத்தாழ 1.33, மேல் ஸட்ஜத்துக்கு 1. இந்தக் கணக்கில் கை பிசகக் கூடாது. கலிபோர்னியாவின் லான்காஸ்டரில் 2008இல் கார் ஓடினால் ‘வில்லியம் டெல்’ மெட்டு கேட்கும்படி சாலையில் பள்ளம் வெட்டினார்கள். பள்ளங்களின் இடைவெளி தப்பியதில் சாலை அபஸ்வரமாகப் பாடியது.

60 சென்டிமீட்டர் ஜாக்கெட்டுக்கு மோகனம் பொருத்தம். ஸரிகபதஸ், ஸ்வரத்துக்குப் பத்து சென்டிமீட்டர். மூடும்போது ஆரோகணம், திறக்கும்போது தானாகவே அவரோகணம். ஜிப் போன வழியே திரும்புகிற ஜாதி என்பதால் ஏறுவதும் இறங்குவதும் ஒன்றாக இருக்கும் ராகங்களே அதற்குச் சரிப்படும். ஹம்ஸத்வனி சரி, பிலஹரி ஆகாது. ஜாக்கெட்டை மூடும்போது வேண்டுமானால் இது பிலஹரிதான் என்று சாதிக்கலாம், ஆரோகணம் இரண்டுக்கும் ஒன்றே. கழற்றும்போது நிஷாதமும் மத்யமமும் வராமல் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இழுக்கும் வேகத்தை இரட்டிப்பாக்கினால் எல்லா ஸ்வரங்களும் சேர்ந்து ஒரு ஸ்தாயி மேலே போகும். விகிதம் மாறாது, ராகம் பிழைக்கும். ஆனால் மனிதக் கை ஒரே வேகத்தில் இழுப்பதில்லை. தயங்கித் தொடங்கி, நடுவில் பாய்ந்து, மோவாய்க்குக் கீழே பயந்து நிதானிக்கும். ரிஷபம் வழுக்கும், தைவதம் இழுபடும். கமகம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

பேன்ட் ஜிப்பில் அந்தச் சமாதானமும் செல்லாது. 18 சென்டிமீட்டரை ஆறாகப் பிரித்தால் ஸ்வரத்துக்கு மூன்று. கீழ் ஸட்ஜத்துக்குப் பதினைந்தே வரிகள். காது அதை ஸ்வரம் என்று பிடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். ஒரே லாபம், மேல் ஸட்ஜம் கேட்கவில்லையென்றால் ‘போஸ்ட் ஆபீஸ் திறந்திருக்கு’ என்று பள்ளித் தோழன் சொல்லவேண்டிய அவசியமில்லை. பொதுக் கழிப்பறையில் ஆறு பேர் வரிசையாக அவரோகணம் பாடுவதை நினைத்தால் அந்த லாபமும் வேண்டாம் என்றாகிறது. ஜிப்புக்கும் இசைக்கும் ஏற்கெனவே ஒரு பழைய பகை உண்டு. 1971இல் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ ஆல்பத்தின் அட்டையில் நிஜ ஜிப்பைப் பொருத்தினார்கள். அடுக்கி அனுப்பியபோது அது அழுந்தி இசைத்தட்டையே கெடுத்தது. பாதி திறந்து வைத்து, தழும்பு நடு லேபிளில் விழும்படி செய்துதான் சமாளித்தார்கள்.

டிச் பட்டன் இந்த வம்புக்கெல்லாம் வருவதில்லை. ஹெரிபெர்ட் பாயர் 1885இல் ஜெர்மனியில் காப்புரிமை வாங்கியதும் ஆண்களின் கால்சட்டைக்காகத்தான். குமிழ் நுழையும்போது உள்ளே இருக்கும் வில் விரிந்து, கழுத்தைப் பிடித்ததும் சட்டென்று சுருங்குகிறது. அந்தச் ‘சட்டென்று’தான் ஒலி. மெதுவாக அழுத்தினாலும் வேகமாக அழுத்தினாலும் குணம் மாறாது. எப்போது அழுத்துவது என்பது மட்டும் நம் கையில். தாள வாத்தியத்துக்கு வேறென்ன வேண்டும்? அடியில் மியூசிக் பாக்ஸ் நாக்கு வைத்து ஸ்வரமும் கொடுக்கலாமே என்று ஆசை வரும். நாதம் நீள்வதற்குள் துணியும் மார்பும் அதை விழுங்கிவிடும். வேண்டாத வேலை.

ஏழு டிச் பட்டன் உள்ள சட்டை மிஸ்ரம். முதலாவதும் நான்காவதும் பித்தளை, மற்றவை பிளாஸ்டிக் என்று வைத்தால் தகிட தகதிமி தெளிவாக விழும். வரிசை மாற்றிப் பூட்டினால் ஆவர்த்தனம் குறைபடும், கண்ணாடி பார்க்கவேண்டாம். கைக்குழந்தை உடுப்பின் கால் இடுக்கில் மூன்று இருந்தால் திஸ்ரம். துணி மாற்றும் ஒவ்வொரு தடவையும் தகிட, தகிட என்று கேட்டு வளரும் பிள்ளைக்கு வாத்தியார் சம்பளம் மிச்சம். 1940களில் டென்வரின் ஜாக் வைல் பிரபலமாக்கிய மேற்கத்தியக் கவ்பாய் சட்டையில் இன்னொரு வசதியும் உண்டு. இரண்டு பக்கத்தையும் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தால் ஏழும் துரிதத்தில் தெறிக்கும்.

பழுது பார்ப்பதிலும் டிச் பட்டனே மேல். ஒன்று போனால் ஒரு அட்சரம்தான் போகும், தையல்காரர் வேறு அடித்துக் கொடுப்பார். ரன்னர் போனால் ராகமே போச்சு.

ஊட்டிக் குளிருக்கு வாங்கும் சில ஜாக்கெட்டுகளில் இரண்டும் உண்டு. உள்ளே ஜிப், அதன் மேல் காற்றுத் தடுக்கும் பட்டையில் டிச் பட்டன். போடும்போது முதலில் ராகம், பிறகு தனி ஆவர்த்தனம்; கச்சேரி மரபு கச்சிதமாக அமைகிறது. கழற்றும்போதுதான் தனியை முதலில் முடித்துவிட்டு மோகனத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. அதற்கு எந்த சபாவும் ஒப்புக்கொள்ளாது.